தோணியில் குதிக்காதவன்

போன கிழமை தன்னாமுனைப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தலையிடிக்கு நெற்றியில் ஓடிக்கொலோன் தடவினா. அவவுக்குத் தலையிடி போயிற்றோ தெரியாது, எனக்கு அறுபதுகள் திரும்பி வந்துவிட்டன. மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை செய்த காலத்தில் அந்த வாசனைத் தண்ணீரில்தான் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வோம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அரசாங்கச் சம்பளம் கிடைத்ததே பெரிய காரியம். ஆனால் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். சேர்ந்த புதிதில் ஓர் உடலை மேசைக்குத் தூக்கும்போது அது "ம்ம்ம்" என்று முனகியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, வெளியே தேத்தண்ணிக் கடையில் நின்றதுதான். கூட வேலை செய்த அந்தோனி பின்னால் வந்து சிரித்தான்.

"செத்தவன் கிடந்த இடத்திலதான் கிடக்கான். நீதான் மச்சான் ஒழும்பி ஓடி வந்திருக்காய்."

உள்ளே அடைபட்ட காற்று, உடலை மடக்கினால் தொண்டை வழியாக வெளியேறும். அவ்வளவுதான் சங்கதி. பிறகு பல தரம் கேட்டேன். காரணம் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் முதுகில் எறும்பு ஊரத்தான் செய்தது.

முதுகு என்றதும் வேலாப்போடியாரின் முதுகு ஞாபகம் வருகிறது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து வந்த மனிதர். காய்ச்சலில் இறந்துபோன மருமகனின் உடலை எடுக்க இரண்டு பெடியன்மாருடன் வந்திருந்தார். மூவருக்கும் தொடப் பயம்.

"நீங்களும் தோணியில வாங்க தம்பி. தாய்க்குக் கண் தெரியாது. மகன் செத்துட்டான் எண்டா நம்புறா இல்ல. தடவிப் பாத்தாத்தான் நம்புவா. பொழுது படமுன்ன அடக்கணும்."

எனக்கு நீந்தத் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அந்தக் கண் தெரியாத தாய் வாசலில் காத்துக்கொண்டே இருப்பாள் என்ற எண்ணம் குறுக்கே வந்துவிட்டது. போனேன்.

முக்கால்வாசித் தூரம் ஒரு குறையும் இல்லை. தோணியில் ஓட்டை இருக்குமோ என்று நான் பலகையைத் தடவிக்கொண்டு இருந்ததைத் தவிர. அந்தக் கரை தெரியத் தொடங்கியதும் வேலாப்போடியார் திடீரென்று எழுந்தார்.

"டேய், தலை எந்தப் பக்கம் கிடக்கு? கால் முன்னுக்கா ஊருக்குள்ள கொண்டு போறதா? கிறுக்குங்கடா!"

"கரைக்குப் போய்க் கிறுக்குவம் மாமா."

"சனம் பாத்துச் சிரிக்கவா? இப்பவே கிறுக்கு!"

தோணிக்குள் வைத்து ஓர் உடலைத் தலைமாறிக் கிறுக்குவதை, அதாவது திருப்புவதை, யோசித்துப் பாருங்கள். பெடியன்மார் கண்ணை மூடிக்கொண்டு தோளையும் காலையும் பிடித்தார்கள். இடுப்பு மடங்கியது. உடல் நீளமாக, நல்ல சலிப்போடு ஒரு பெருமூச்சு விட்டது.

தொப், தொப். பெடியன்மார் தண்ணீரில். மூன்றாவது தொப், தலைதான் முன்னுக்கு வரவேணும் என்று மரியாதை பார்த்த வேலாப்போடியார்; நான் கண்டது அவர் முதுகை மட்டும்தான். நானும் குதித்திருப்பேன். நீந்தத் தெரியாததால் குதிக்கவில்லை.

தண்ணீர் அங்கே மார்பளவுதான். ஆனால் ஒருவரும் கிட்ட வருவதாக இல்லை.

"அது வயித்துக் காத்து ஐயா! ஏறுங்க!"

"காத்தெண்டா நீயே கொண்டு வாகா!"

அதற்குள் நிசக் காற்று, கச்சான், மேற்கிலிருந்து முகத்தில் அடித்துத் தோணியை வந்த வழிக்கே தள்ளத் தொடங்கியது. இப்படியே போனால் அந்தத் தாய்க்கு மகனும் இல்லை, அவன் இறந்தான் என்ற நிச்சயமும் இல்லை. பெடியன்மார் தோணியை ஊன்றித் தள்ளி வந்த நீளக் கம்பை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தரம். தோணி ஒரு வட்டம் போட்டது. "தம்பி, கொஞ்சம் சும்மா கிடங்க," என்று இறந்தவரிடம் கெஞ்சினேன். அவர் மறுபடியும் மெதுவாக "ம்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலாப்போடியார் தூரத்தில் நடந்தபடியே கட்டளை போட்டார். "வலப்பக்கம் குத்துகா! உன்ட வலமில்ல, என்ட வலம்!" உள்ளங்கை தோலுரிய, காற்றை எதிர்த்துக் குத்திக் குத்தி, வெயில் இருக்கும்போதே அந்தத் தோணியைக் கரையில் ஏற்றினேன். தோணி வட்டமடித்து ஏறியதில் தலையும் சரியாக வீட்டுப் பக்கம்.

தாயைக் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். மகனின் நெற்றி, மூக்கு, காது என்று விரலால் மெல்லப் போனா. காது மடலில் விரல் நின்றது. "என்ட புள்ளதான்," என்றா. அதன் பிறகுதான் அழுதா. கொஞ்சம் பொறுத்து, "ஆர் கொண்டு வந்த?" என்று கேட்டு என் கையைத் தேடிப் பிடித்தா.

"உனக்குக் கை நடுங்குது மனே. நடுங்க நடுங்க என்ட புள்ளயக் கொண்டு வந்து சேத்துட்டியே."

எனக்கு இதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் மாலை போட்டதில்லை. அந்த ஒரு வார்த்தை போதும் என்று இன்றைக்கும் இருக்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு கரையேறலாம் என்று தெரிந்துவிட்டது.

வேலாப்போடியார் வெட்கப்படவே இல்லை. அடுத்து வந்த வருடங்களில் அந்தக் கதையை ஊரெல்லாம் அவரே சொன்னார். சொல்லச் சொல்லக் காற்று புயலாகியது, நான் வீரனானேன். அந்தப் பக்கம் நான் போனால் மண் முட்டியில் தயிர் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள்.

அவரும் போய், அந்தத் தாயும் போய், வெகு காலம். பெடியன்மார் எந்த நாட்டிலோ. தோணி கட்டின துறையில் புல் மண்டிக் கிடக்கிறது. ஒருநாள் அங்கே போய் நின்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பொடியன் மரியாதையாக நிறுத்திக் கேட்டான்:

"ஆரைத் தேடுறீங்க ஐயா?"