எங்கள் ஃபெரி டிவிக்கு வந்த சனிக்கிழமை

பினாங்குத் தீவில், பாயான் பாருவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனாலேயே நான் எழுதிய விளையாட்டின் மேல் என் மாமியாருக்கு மதிப்பே வரவில்லை. "கேம் பண்ணிருக்க, சரி. யாரு விளையாடறது? நீயும் அவனும்தானே லா! டிவியில வரட்டும், அப்பறம் நான் நாலு பேருகிட்ட சொல்றேன்" என்றார். அவர் பேச்சு அப்படித்தான். சுற்றி இருப்பதையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் கையில் கொடுப்பார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் கெலுகோரில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். புரோகிராம் எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பழைய பத்திரிகைகளில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்து, தப்பாகப் போனதைத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டேன். எங்கள் பிரிவில் ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். மெஷின் மக்கர் செய்து நான் முகத்தைச் சுளித்தால், "அது உன்கிட்ட என்னமோ சொல்லுது, நீதான் வேற பக்கம் பார்க்கற" என்று அவர் மொழியில் சொல்லிச் சிரிப்பார். என் பிழைகளில் பாதியைப் பிடித்துக் கொடுத்தது அந்த வார்த்தைதான்.

விளையாட்டு இதுதான். கடலைத் தாண்டி அக்கரையில் பட்டர்வொர்த் போகும் ஃபெரி கரையில் நிற்கிறது. கார், மோட்டார் சைக்கிள், கோழி லாரி எல்லாம் வந்துகொண்டே இருக்கின்றன. மணி அடிப்பதற்குள் ஒன்றையொன்று இடிக்காமல் அடுக்க வேண்டும். கனமானதையெல்லாம் ஒரே பக்கம் நிறுத்தினால் ஃபெரி சாயும். லாரியை வெடுக்கென்று திருப்பினால் கோழிகள் பறக்கும். புரோகிராம் என்னுடையது, கோழிகள் என் வீட்டுக்காரருடையவை.

மாமியார் சொன்னது சும்மா சொன்னதில்லை. அப்போது யார் வீட்டுக்குப் போனாலும் டிவிக்குக் கீழே ஒரு கேம் பெட்டி இருக்கும். மேலே கேசட்டைச் செருகினால் விளையாட்டு வரும். வருவதெல்லாம் ஜப்பான் விளையாட்டு. அந்தப் பெட்டிக்குள் நம் ஃபெரியை ஏற்றிவிடுவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

பெட்டியின் மூளையும் எங்கள் கம்ப்யூட்டரின் மூளையும் ஒரே குடும்பம். அதனால் என் புரோகிராமில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டது. படம்தான் உயிரை வாங்கியது. கம்ப்யூட்டரில் நினைத்த இடத்தில் புள்ளி வைக்கலாம். கேம் பெட்டியோ சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கித்தான் படம் காட்டும். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் தரையில் பூ ஓடு பதித்திருப்பார்களே, அந்த மாதிரி. சதுரங்களுக்கும் கணக்கு உண்டு, அதற்கு மேல் கிடையாது.

"கோழிக்கு மூக்கு வெச்சா வால் போயிடுது, வால் வெச்சா மூக்கு போயிடுது. எது வேணும், சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர், கட்டம் போட்ட தாளை என் முன்னால் வைத்து.

"வால் போதும். பறக்கறப்போ யாரு மூக்கைப் பார்க்கறா?"

"கோழி பார்க்கும்" என்று முனகிக்கொண்டே அழித்தார்.

கேசட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். விலைக்கு வாங்கிய கேசட் ஒன்றைத் திறந்து, அதிலிருந்த சிப்புகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எங்களுடையதைச் செருகினோம். அது அழித்து எழுதக்கூடிய சிப். முதுகில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாகத் தனி விளக்கு ஒன்றின் ஒளியைக் காட்டினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும், மறுபடி எழுதலாம். எழுதி முடித்ததும் ஜன்னலைக் காகிதம் ஒட்டி மூடிவிட வேண்டும். ஒரு கேசட்டில் இரண்டு சிப்புகள்: ஒன்றில் புரோகிராம், இன்னொன்றில் படம். அவை உயரமாக நின்றதால் கேசட்டின் மூடி மூடவில்லை. வெறும் பலகையாகவே பெட்டியில் நிறுத்தினோம்.

டிவியில் ஃபெரி வந்த அன்று மாமியார் கீரையை முறத்தோடு கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அடியே, நம்ம ஃபெரி!" என்றார். கோழி பறந்தபோது கையைத் தட்டினார். அன்று சாயந்திரமே மாடிக்கு மாடி ஏறி நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

கடைக்காரர்களிடம்தான் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஜப்பான்காரன் செய்யாத கேசட்டா என்று வாசலிலேயே கை ஆட்டி அனுப்பினார்கள். கேம்பல் ஸ்ட்ரீட்டில் கேம் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் மட்டும் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, சட்டை போடாம கூட்டிட்டு வந்திருக்க?"

"உள்ள நல்லா இருக்கும்ணே. போட்டுப் பாருங்க."

அவர் போட்டு விளையாடிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஜனம் தெருவை அடைச்சுக்கிட்டுப் போகும். அன்னிக்கு மத்தியானம் முன் டிவியில போடறேன். ஆளுங்க நின்னு விளையாடினா ஜப்பான் கேசட் பக்கத்துல உனக்கும் இடம். நடுவுல ஹேங் ஆச்சு, மறுபடி இதைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரக் கூடாது. என் கடைப் பேரு கெட்டுப் போகும் லா."

"சரிண்ணே" என்றேன். இந்தக் கதவும் மூடினால் பினாங்கில் வேறு கதவு கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. மாமியார் கத்திரிக்கோல், தையல் மெஷின், மகனின் பேனா எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "உன் ஆயுதம் எங்க?" என்று கேட்டார். கேசட் பலகையைக் கொண்டுவந்து வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன் உட்கார்ந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"இதுக்கு நெத்தி எதும்மா?"

காகிதம் ஒட்டியிருந்த அந்த இரண்டு வட்டங்களைக் காட்டினேன். தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

சனிக்கிழமை காலை பார்த்தால் சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தூள் பெட்டிக்குள் விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும் என்று ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தேன். சந்தனத்தோடு ஊறிப்போயிருந்த காகிதமும் பிய்ந்து வந்துவிட்டது. பரவாயில்லை, கடைக்குள் வெயிலா அடிக்கப் போகிறது என்று அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடும் மாமியாரோடும் கிளம்பினேன்.

கடை அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாசலைப் பார்த்த பெரிய டிவியில் எங்கள் ஃபெரி நின்றது. முதலில் யாரும் நிற்கவில்லை. பிறகு துணிப் பையோடு போன ஒருவர் நின்றார். "ஏய், இது நாம ஃபெரி ஏறற ஜெட்டி மாதிரி இருக்கே!" என்றார். அவ்வளவுதான். தினமும் ஃபெரியில் போய்வருகிற ஊர் அது, எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. "மோட்டாரை முன்னால விடு, மோட்டாரை முன்னால விடு!" "லாரிய நடுவுல போடுண்ணே, சாயுது பார்!" "கோழி போச்சு, கோழி போச்சு!" கூட்டம் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கியது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் வீட்டுக்காரரின் அண்ணன் புது கேமராவோடு வந்திருந்தார். தம்பியும் நானும் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க, பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். டிவியில் ஃபெரி நின்ற இடத்தில் எழுத்தும் கோடுமாகக் குப்பை நிறைந்து, அப்படியே உறைந்தது.

கூட்டம் "ஓ..." என்றது. கடை அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நான் என்ன சொன்னேன்?"

"ஒரே நிமிஷம்ணே" என்று ரீசெட் பொத்தானை அழுத்தினேன். ஃபெரி வந்தது, வண்டிகள் வந்தன, ஆட்கள் திரும்பினார்கள். "இப்பதான் நல்லா சிரிச்ச முகமா இருக்கீங்க" என்று கேமரா அண்ணன் மறுபடி ஒரு படம் எடுத்தார். மறுபடி குப்பை.

"பார்த்தியா? ஜப்பான் கேசட் இப்படிப் பண்ணாது" என்றது ஒரு குரல். கடை அண்ணன் பலகையை உருவக் கையை நீட்டினார்.

மெஷின் என்னமோ சொல்கிறது, நான்தான் வேறு பக்கம் பார்க்கிறேன். பலகையைப் பார்த்தேன். துடைத்த ஜன்னல்கள் இரண்டும் வெளியே பார்த்துப் பளபளத்தன. சாதாரண வெளிச்சத்தைச் சிப் பொறுத்துக்கொள்ளும். இவ்வளவு கிட்டத்தில் அடித்த ஃபிளாஷ் ஜன்னல் வழியாக நேரே உள்ளே போய், பெட்டி படிக்கிற எழுத்தைக் கணநேரம் மாற்றிவிட்டது. ஒரு எழுத்து மாறினால் போதும், புரோகிராம் வழி தவறிவிடும்.

"அண்ணே, பலகைய எடுக்காதீங்க! கேமரா வெளிச்சம்தான் காரணம்!" என்றேன் கடை அண்ணனிடம். ஜன்னலை மூட என்ன இருக்கிறது என்று தேடிய கை தானாக நெற்றிக்குப் போனது. என் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து முதல் சிப்பின் ஜன்னலில் ஒட்டினேன். அளவெடுத்து வெட்டியது போல் உட்கார்ந்தது.

"ஐயோ, நல்ல நாளும் அதுவுமா நெத்திய வெறுமையா வெச்சுக்கிட்டு நிக்கறா!" என்று மாமியார் பதறினார். நான் சொன்னது அடுத்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, யாராச்சும் ஒரு பொட்டு குடுங்கம்மா! பெரிசா இருக்கணும்!"

சிரிப்பு எழுந்தது. தீபாவளிச் சேலை வாங்க வந்த ஒரு பெண் தன் பொட்டை எடுத்து நீட்டினாள். "கறுப்பா இருக்குக்கா, பரவாயில்லையா?"

"கறுப்புதாம்மா நல்லது" என்று வாங்கி இரண்டாவது ஜன்னலில் ஒட்டினேன்.

"என் கடையில கேசட்டுக்கே பொட்டு வெச்சுட்டீங்களா!" என்றார் கடை அண்ணன். ஆனால் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

ரீசெட் செய்தேன். ஃபெரி வந்தது. "இப்ப எடுங்கண்ணே" என்றேன் கேமராக்காரரிடம்.

"வேணாம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"எடுங்க! கிட்ட வந்து எடுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பளிச். லாரி தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று. பளிச். மோட்டார் சைக்கிள்கள் போய் வரிசையாக நின்றன. மணி அடித்தது, ஃபெரி பட்டர்வொர்த் பக்கம் கிளம்பியது. அதற்குக் கேம்பல் ஸ்ட்ரீட்டில் எழுந்த கைதட்டலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத ஒரு சீனத் தாத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

கடை அண்ணன் உள்ளே போனார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடுத் தட்டில் இருந்த கேசட்டுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் இடம் விட்டார். பிறகு வாசலுக்கு வந்து, "தீபாவளிக்குள்ள எத்தனை பண்ணித் தருவ? சட்டை போட்டுத் தரணும், ஆமா" என்றார்.

"சட்டை போட்டே தரேன்ணே" என்றுவிட்டு, ஒரு ஆட்டம் போடலாம் என்று டிவி பக்கம் போனேன். பெட்டியின் கண்ட்ரோலரில் கை வைக்கப் போனவளை, பனியன் போட்ட ஓர் ஆள் தடுத்தார்.

"அக்கா, பின்னால வரிசை இருக்குல்ல? போய் நில்லுங்க லா."

வரிசை பக்கத்துத் துணிக்கடையையும் தாண்டிப் போயிருந்தது. நான் சந்தோஷமாகப் போய்க் கடைசியில் நின்றேன்.