மூத்தவன் அடித்த கோல்

காலை ஆறு இருபதுக்கு உள்ளூர் வானொலி நான் இறந்துவிட்டதாக அறிவித்தது. "முன்னாள் கால்பந்து வீரரும் பயிற்சியாளருமான உடோ எட்டுக் இன்று அதிகாலை உயோவில்..." வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து என்னைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. போனது அண்ணன் அக்பான்.

தென் நைஜீரியாவில் எங்கள் இபிபியோ இனத்து வீடுகளில் முதல் மகன் அக்பான், இரண்டாமவன் உடோ. பெயரைக் கேட்டாலே வரிசை தெரிந்துவிடும். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், இளையோர் அணித் தேர்வில், பதினாறு வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அண்ணனுக்கு அப்போது இருபத்தொன்று, எனக்குப் பதினாறு. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவின் பெட்டியைக் கிளறினான். "ஒன் பொறப்புச் சான்றிதழை ஒரு வாரத்துக்குக் குடுடா. பந்து என்ன வயசா கேக்குது?" கொடுத்தேன். அது என்னிடம் திரும்பவேயில்லை. நான் அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு படித்து ஆசிரியரானேன்.

அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். அரங்கமே எழுந்து "உடோ! உடோ!" என்று கத்தியது. பக்கத்தில் கை தட்டிக்கொண்டிருந்த அப்பா பாதியில் நிறுத்தினார். "மூத்தவன் அடிச்சான், சின்னவன் பேரு கேக்குது" என்றார். அதன்பின் அவர் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை.

எனுகு நகர அணியில் ஒன்பது பருவங்கள், பெல்ஜியத்தில் ஒன்று. சான்றிதழ்படி இருபத்தாறாம் வயதில் வலது முட்டி போயிற்று. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "இருபத்தாறா? எங்கப்பா முட்டிகூட இதைவிட நல்லா இருக்குமே" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் முட்டியைத் தடவிக்கொள்வான்.

பிறகு உயோவில் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானான். கழுத்தில் ஊதல் தொங்கினாலும் விரல் மடித்துத்தான் சீட்டியடிப்பான். தினமும் பயிற்சிக்கு முன் எல்லோரையும் செம்மண்ணில் வரிசையாக நிறுத்திப் பெயரும் வயதும் கேட்பான். கோல்காப்பாளர் எமெம் வாயாடி.

"மறுபடியுமா கோச்? நேத்துதான் பதினேழுன்னேன். ஒரே ராத்திரியில கெழவியாயிட்டேனா?"

"கெழவியாகறது தப்பில்ல தாயி. குமரியாகறதுதான் தப்பு."

"சரி, ஒங்க வயசு?"

அப்போது மட்டும் ஊதலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வான்.

இந்தப் பிடிவாதத்தால் அவன் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. "எதிர்ல ஆடின பதினாறு வயசுக்காரியக் கூட்டிட்டுப் போக அவ புள்ளைங்க வந்து நிக்குது" என்பான்.

அவனுக்கு ஆசை ஒன்றுதான். "மைதானத்துல ஒரே ஒரு தடவ யாராச்சும் என்னை அக்பான்னு கூப்பிடணும்டா. எதிரணிக்காரன் திட்டினாலும் பரவால்ல." கால்பந்துச் சங்கத்துக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிடத் துடித்தான். நான்தான் தடுத்தேன். "நான் ஓய்வு வாங்கற வரைக்கும் பொறு அண்ணே. ஒரே சான்றிதழ்ல ரெண்டு பேர்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்." எட்டு ஆண்டுகள் பொறுத்தான்.

மார்ச்சில் ஓய்வு பெற்றேன். மறுவாரமே பேருந்து பிடித்து எக்கெட்டிலிருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்த உறுதிமொழிப் பத்திரம். உடோ என்ற பெயரில் ஆடியவன் அக்பான்தான் என்று அதில் இருந்தது. சான்றிதழுக்கு உரியவன் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

"இப்ப ஒனக்கு பயமில்லையே? போடு, பெரிய வாத்தியாரே."

"கண்ணாடி இல்ல அண்ணே. ஞாயித்துக்கிழம போட்டு வைக்கறேன்."

கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

வேலை ஒரு சாக்கு. எக்கெட் சந்தையில் யாராவது என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த உடோ எட்டுக்கா நீங்க! ஒங்க ரெண்டாவது கோல மறக்க முடியுமா!" என்பார்கள். பலமுறை நான் மறுக்காமல் சிரித்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் வாங்கித் தந்த பனங்கள்ளைக் குடித்துக்கொண்டே, பந்து எப்படி வளைந்தது என்றுகூடச் சொன்னேன்.

சங்கம் ஒட்டிய இரங்கல் சுவரொட்டி உயோ முழுக்க இருக்கிறது. படம் அவனுடையது, பெயரும் பிறந்த தேதியும் என்னுடையவை. நேற்று எமெம் தொலைபேசியில் அழுதாள். "மைதானத்துல எல்லாரும் நின்னு உடோ கோச்னு கத்திக் கத்தித் தொண்ட போச்சு சார்" என்றாள்.

பத்திரத்தை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அக்பான் எட்டுக் என்று அவன் கையெழுத்திட்டிருக்கிறான். எழுதிப் பழகாத பெயர். எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. அவன் கையெழுத்துக்குக் கீழே சாட்சிக்கு விட்ட கோட்டில் எதுவும் எழுதப்படவில்லை.