ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னவள்

இது நடந்தது இரண்டாயிரத்து நான்கு வாக்கில். ஆரணியில் பட்டு நெசவு செய்கிற குடும்பம் எங்களுடையது. எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, கீமோ ஊசிக்காக வேலூருக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். முடி கொட்டியதையும் வாந்தியையும் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். கை விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போய்விட்டன.

மருந்து நோயோடு சேர்த்து நரம்பையும் அடித்துவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை அறுந்தால் முடி போடுவது, அதாவது முடிச்சுப் போட்டு இணைப்பது, என் வேலை. மெல்லிய பட்டு இழையைக் கண்ணைவிட விரல்தான் சீக்கிரம் கண்டுபிடிக்கும். இப்போது விரலுக்கு நடுவில் இழை இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. என் கணவர், நீ ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் என் வீட்டுத் தறியில் இன்னொருத்தி முடி போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேனே, அந்த வலி ஊசி வலியைவிடப் பெரிது.

ஆஸ்பத்திரியில் இதற்கென்று பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தரையில் கிடக்கும் துண்டைக் கால் விரலால் சுருட்ட வேண்டும். அரிசியில் உளுந்தைக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடி எடுக்க வேண்டும். உயிருக்கே உத்தரவாதம் இல்லாதவளை நொண்டியாட்டம் ஆடச் சொல்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றையும் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தலையில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் என் செருப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஏறும்போது படியிலேயே கழன்று விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அவள் குனிந்து என் காலில் மாட்டிவிடப் பார்த்தாள். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது எனக்கு. எனக்கு மாட்டிக்கத் தெரியாதா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுளிக்காமல் புடவையை லேசாகத் தூக்கித் தன் செருப்பைக் காட்டினாள். பின்பக்கம் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தாள்.

"எனக்கும் இதே பேஜார்தான்க்கா. கட்டி வெச்சிகினுதான் நடக்கறேன்" என்றாள்.

அவளுக்குக் கண்ணமங்கலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கழனி வேலை செய்கிறவள். எனக்கு விரல் பிரச்சினை என்றால் அவளுக்குக் கால். வரப்பில் நடந்தால் தடுமாறிச் சேற்றில் விழுகிறாளாம். அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பயிற்சியெல்லாம் செய்கிறாயா என்று என்னைக் கேட்டாள். அதைச் செய்து என்ன ஆகப்போகிறது என்றேன். அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளை ஒன்றாக வைத்துக்கொண்டோம். ஆரணியில் ஏறும்போதே நான் அவளுக்குச் சீட் பிடித்துவிடுவேன், அவள் கண்ணமங்கலத்தில் ஏறுவாள். ஏறியதும் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டாள், உளுந்து பொறுக்கினாயா என்றுதான் கேட்பாள். இல்லை என்றால் வழி நெடுக வசவுதான். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பேரும் பாதத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டு வருவோம். டிரைவர் ஒருத்தர் போதாதென்று நாமும் பிரேக் போடுகிறோம் என்று சிரிப்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்போம். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். அவளோ, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், காலை இறக்காதே என்பாள்.

இதெல்லாம் செய்தால் நமக்குச் சரியாகிவிடுமா என்று ஒருமுறை கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, நெல் எப்படி விளைந்திருக்கிறது பார் என்று பேச்சை மாற்றிவிட்டாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவள் வசவுக்குப் பயந்தே நான் வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். முதலில் அரிசியும் உளுந்தும் ஒன்றுபோலவே இருந்தன. பல நாள் ஆத்திரத்தில் தட்டையே தள்ளிவிட்டிருக்கிறேன். ஆனால் நாளாக ஆக, உளுந்தின் உருண்டை வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக விரலுக்குப் பிடிபட்டது. மரப்பு முழுசாகப் போகவில்லை, ஆனாலும் பிடி வந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் வராதபோது இழை அறுந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பு கண் மூடித் திறப்பதற்குள் போடுகிற முடி, அன்றைக்கு வெகு நேரம் பிடித்தது. ஆனால் போட்டுவிட்டேன். என் கணவர் தறியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை அவளிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை கண்ணமங்கலத்தில் அவள் ஏறவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. அப்போதெல்லாம் எங்கள் இரண்டு பேரிடமும் போன் கிடையாது. மனசு கேட்காமல், வேலூரிலிருந்து திரும்பும்போது நடுவிலேயே இறங்கி, ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டே அவள் ஊருக்குப் போனேன்.

அவளுடைய கணவர்தான் கழனியிலிருந்து வந்தார். மொட்டை அடித்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆரணி அக்காதானே என்று கேட்டார். காரியம்கூட முடிந்துவிட்டதாம்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. நாங்கள் பஸ்ஸில் சந்திப்பதற்கு முன்பே அவளுக்கு நோய் ஈரல் வரைக்கும் போய்விட்டிருந்தது. இனிமேல் குணமாகாது, மருந்து கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான் என்று டாக்டர்கள் அவளிடமே சொல்லிவிட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் என்னோடு வராந்தாவில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"சொல்ல வேணாம்னுட்ச்சிம்மா. 'அந்தக்கா இப்பதான் தேறிகினு வருது, நான் சொன்னா எல்லாத்தயும் வுட்டுடும்'னு சொல்லிச்சி."

இனி எதற்கு உடம்பை வருத்திக்கொள்கிறாய், பேசாமல் படுத்துக்கொள்ளேன் என்று அவரும் அவளைக் கேட்டிருக்கிறார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். சொல்வதற்கு முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"'நான் பொழைக்கறதுக்காகவா செய்யறேன்? கடைசி வரைக்கும் ஒருத்தர் கைய புடிக்காம கொல்லைக்குப் போய் வரணும், அது போதும் எனக்கு'ன்னுச்சிம்மா. அப்டியேதான் போய் வந்துகினு இருந்துச்சி. கடைசி ரெண்டு நாள்தான் நாங்க தூக்கினது."

அவர்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. பின்பக்கம் கழனி வழியாகத்தான் போக வேண்டும். அவர் அந்த வரப்பைக் கையால் காட்டினார். ஓர் ஆள் கால் வைக்கிற அகலம்தான், இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. உடம்பு முழுக்க நோயை வைத்துக்கொண்டு இதன் மேல் தனியாக நடந்திருக்கிறாளே என்று நினைத்தேன். நான் முடி போட்ட கதையைச் சொல்லத்தான் வந்தேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

எனக்கு நோய் திரும்பி வரவில்லை. விரல் நுனியில் பாதி மரப்பு இன்னும் இருக்கிறது. பிழைத்தால்தான் இதெல்லாம் பிரயோஜனம் என்று நினைத்து முடங்கிக் கிடந்தவள் நான். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தும் தன் காலில் நடந்தவள் அவள். இன்றைக்கும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும், ஆனாலும் காலை இறக்க மனம் வருவதில்லை.