கவரிங் லெட்டரின் பின்பக்கம்

பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்று யாராவது யோசனை கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. எத்தனை பக்கமாவது இருந்துவிட்டுப் போகட்டும். படிக்கிற ஆள் இருந்தால்தானே அந்தக் கேள்வி?

மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது, வத்தலக்குண்டில் ஓர் அரிசி ஆலையில் பார்த்துவந்த கணக்கு வேலையை விட்டேன். அவருக்குச் சோறு ஊட்டியது, உடம்பு துடைத்துவிட்டது, பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்கியது எல்லாம் நான்தான். அவர் காலமான பிறகு மறுபடியும் வேலை தேடினேன். மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். நானும் சம்பாதித்தால்தான் அவளைக் கல்லூரியில் சேர்க்க முடியும். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியவந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவிடம் டைப் அடிக்கப் போனேன். ஊருக்கே பொதுவாக ஒரு பயோடேட்டாவைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அப்பா பெயர், கணவர் பெயர், மதம், சாதி, உயரம், எடை, பொழுதுபோக்கு, கடைசியில் மேற்கண்ட யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. என் உயரத்துக்கும் வரவு செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“ஒத்தத் தாளக் குடுத்தா மதிப்பாங்களா தாயி? கையில வாங்குனா கனமா இருக்கணும்ல” என்றார்.

நான்கு பக்கம் வந்தது. கவரிங் லெட்டரும் அவரிடம் தயாராக இருந்தது. அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ஏன் வேலையை விட்டேன், அந்த வருடங்களில் வீட்டில் என்ன செய்தேன், கணக்கு மறந்துவிடக் கூடாதென்று தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டி பார்த்துக் கொடுத்தது, எல்லாமே அதில் இருந்தது. இதில் நான் வெட்கப்பட எதுவுமில்லை என்று எழுதியபோது கண் கலங்கியது. தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை.

கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் இருக்கிற தம்பிக்கு, கையில் வைத்திருந்த நகல்களையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். போனில் கத்தினான்.

“என்னக்கா இது, மாப்பிள வீட்டுக்கா அனுப்புற? ஒரு பக்கம் தாண்டுனா எவனும் தொடமாட்டான். லெட்டரு நாலு வரி போதும். ஒன் மாமனார் கதையெல்லாம் எதுக்கு?”

கதையாம்! பெற்ற மகனே வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன அறையில் நான் கழித்த வருடங்கள் இவனுக்குக் கதை. இருந்தாலும் அவன் சொன்னபடியே வெட்டினேன். உயரமும் எடையும் போயின. அவற்றோடு மாமனாரும் போனார். ஒரு பக்கப் பயோடேட்டாவும் நாலு வரிக் கடிதமும் அதே ஆலைக்குப் போயின. கூப்பிட்டார்கள். “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்று தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

நேர்காணலில் ஆலை மேனேஜர் ஒரு ஜிஎஸ்டி கணக்கைச் சொல்லி, “இத மட்டும் போட்டுக் காட்டுங்கம்மா” என்றார். மேசையில் கிளிப் போட்ட தாள்கட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் இது வழக்கம்தான். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பின்பக்கம் ரஃப் கணக்குக்கு ஆகும்.

கணக்கை முடித்தேன். தாளின் நடுவே மடிப்பு ஓடியது. மறுபக்கத்து எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. திருப்பிப் பார்த்தேன். என் கடிதம். நான் முதலில் அனுப்பிய, முழுப்பக்கக் கடிதம்.

காது சூடாகிவிட்டது. அவரோ புதுப் பயோடேட்டாவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அரிசி மில்லுக்கு அப்புறம் கொஞ்ச வருசம் சும்மா இருந்திருக்கீங்க போலயே. என்னம்மா பண்ணுனீங்க?”

சும்மா! தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“சும்மா இல்ல சார். என்ன பண்ணேன்னு இதுல எழுதியிருக்கேன். போன தடவ உங்களுக்குத்தான் அனுப்புனேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் இரண்டு வரிகளைப் பார்த்தார். பிறகு தாளைப் புரட்டி, கணக்கின் விடையைச் சரிபார்த்தார்.

“கணக்கு கரெக்டு. லெட்டரு ரொம்ப நீளமா இருக்கேம்மா. செத்த சுருக்கமா வாயாலயே சொல்லிருங்களேன்.”

எழுந்து போயிருப்பேன். மகளின் முகம் வந்து நின்றது.

“மாமனாருக்குப் பக்கவாதம் சார். நான் பாத்துக்கிட்டேன். இப்ப அவர் இல்ல.”

“அடடா” என்றார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

கிளம்பும்போது அந்தத் தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

“அது எதுக்கும்மா? ரஃப் பேப்பர்தான?” என்றார்.