தூங்குமூஞ்சியின் மேல் ஐந்து வெள்ளி

என் அத்தை இருபத்து மூன்று வயது வரைக்கும் ஒரு பந்தயக் குதிரையைக்கூட நேரில் பார்த்ததில்லை. மலாக்கா நகரத்துத் தெருக்களில் அந்நாளில் எங்கள் கண்ணில் பட்டவை மாட்டுவண்டிகள்தாம். இருந்தாலும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஓடிக்கொண்டிருந்த குதிரைகளில் எது ஈரத் தரையில் வழுக்கும், எதன் முதுகில் நாலு பவுண்டு கூடினால் மூச்சு வாங்கும், எது முதல் வளைவிலேயே பலத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு பரிதாபமாக நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எல்லாம் அப்பா கொண்டுவந்த ஆங்கிலப் பத்திரிகையால் வந்தது. அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் எல்லோரும் படித்து முடித்த பழைய பத்திரிகையை மறுநாள் மாலை வீட்டுக்குக் கொண்டுவருவார். காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டையிட்ட அவசரகாலம் அது; அவர் படிப்பது அந்தச் செய்திகளை. எந்தத் தோட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, எந்தச் சாலையில் லாரியை எரித்தார்கள் என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவளைக் கலவரப்படுத்திவிட்டுச் சாப்பிட உட்காருவார். அத்தை பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பாள். அந்தப் பக்கத்தில்தான் நிறைய எண்கள் இருந்தன.

அத்தைக்கு எண்கள் என்றால் உயிர். பள்ளியில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்தவள். ஜப்பான்காரன் வந்து பள்ளியை மூடினான். அவன் போனபின் பள்ளியைத் திறந்தார்கள். ஆனால் அத்தைக்கு வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவளுக்கு வாய்த்த கணக்கெல்லாம் அரிசி ரேஷனும் ரவிக்கை அளவும்தான். அப்படிப்பட்டவள் கையில் குதிரை, வயது, தூரம், சுமக்கும் பாரம், கடந்த ஓட்டங்களில் வந்த இடம் என்று ஒரு பக்கம் முழுக்க எண்கள் கிடைத்தால் சும்மா இருப்பாளா?

நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் குதிரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வந்தாள். பெயர்களைத் தமிழில் மாற்றிக்கொள்வாள். ‘காப்பர் பட்டன்’ செப்புப் பொத்தான். ‘ஸ்லீப்பி ஜாக்’ தூங்குமூஞ்சி. இந்தத் தூங்குமூஞ்சி எந்தப் பந்தயத்திலும் கடைசி ஆளாகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனபிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் ஓடத் தொடங்கி, நாலைந்து குதிரைகளை முந்திக்கொண்டு ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்து சேரும். அதன் பக்கத்தின் அடியில் அத்தை, ‘இன்னும் இரண்டு பர்லாங் கொடுத்திருந்தால்!’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

ஒரு காசுகூட அவள் பந்தயம் கட்டியதில்லை. சனிக்கிழமை ஓடப்போவதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி வைப்பாள். முடிவு வந்ததும் ஒத்துப்பார்ப்பாள். சரியாக இருந்தால் இரண்டாவது தட்டு சோறு கேட்பாள். அவ்வளவுதான் அவளுடைய லாபம்.

வேறு வகையில் லாபம் பார்த்தவர் அப்பா. அத்தை எழுதி வைத்ததை வெள்ளிக்கிழமை காலையில் ஒரு துண்டுத்தாளில் பெயர்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார். அங்கே பெரிய கிராணி என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், குதிரைப் பந்தயம் என்றால் கோலாலம்பூர்வரை கார் ஓட்டிக்கொண்டு போகக்கூடியவர். அப்பாவின் துண்டுத்தாள் நாலு வாரம் பலித்தபிறகு அப்பாவின் மேசை மின்விசிறிக்குக் கீழே இடம் மாறியது. ஐந்தாவது வாரம் பெரிய கிராணி அப்பாவை எல்லோர் முன்னிலையிலும் மூளைசாலி என்று சொன்னாராம். அதை அப்பா வீட்டில் வந்து சொன்னபோது அத்தை, “நல்லதுண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். அம்மாதான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. பெரிய கிராணியே நேரில் வந்துவிட்டார். அப்பா சட்டையைத் தேடி ஓடினார். அத்தையும் அம்மாவும் அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அது கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுபோன ஒன்று.

“தம்பி, கோலாலம்பூரில மூண்டு நாளா மழையாம். மச்சான் போன் பண்ணினவர். ஓடுற தடம் முழுக்கச் சேறாப் போச்சு எண்டு சொல்லுறார். இனியும் காப்பர் பட்டன்தானோ, வேறேதும் யோசிக்கவேணுமோ?”

காலையில் அப்பா கொடுத்த துண்டுத்தாளில் காப்பர் பட்டன்தான் முதலில் இருந்தது. மழையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்பா தாடையைத் தடவினார். கூரையைப் பார்த்தார். பிறகு, ஐயாவுக்கு முதலில் டீ வரட்டும் என்று சொல்லி என்னை அருகில் இழுத்து, “அத்தைகிட்டப் போயி, தடம் ஈரமா இருந்தா என்னா செய்யிறதுன்னு கேட்டுட்டு வா” என்று காதுக்குள் சொன்னார்.

எனக்கு எட்டு வயது. தடம் என்ற சொல் எனக்குப் புதிது. அடுப்படிக்குள் போய், “தரை ஈரமா இருந்தா என்னா செய்யிறதுன்னு அப்பா கேக்குறாரு” என்றேன்.

“தொடைக்கச் சொல்லு” என்று அம்மா ஒரு துணியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பெரியவர் காலில் வழுக்கிவிடப் போகிறது என்ற பதற்றம் அவளுக்கு.

நான் முன்னறைக்குத் துணியோடு வந்து நின்றேன். அப்பா அதைப் பார்த்தார். பெரிய கிராணியும் பார்த்தார். தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று நான் குனிந்து பெரிய கிராணியின் நாற்காலியைச் சுற்றித் துடைக்கத் தொடங்கினேன். அவர் மரியாதையாக இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார்.

“வீட்டுத் தரை இல்ல!” என்று அப்பா பல்லைக் கடித்தார். “குதிரை ஓடுற தரை!”

அவர் அதைக் கொஞ்சம் பலமாகவே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் நான் எழுந்திருப்பதற்குள் தடுப்புக்கு அப்பாலிருந்து அத்தையின் குரல் வந்துவிட்டது. விஷயம் குதிரை என்று ஆனபின் வீட்டில் வேற்று ஆள் இருப்பது அவளுக்கு மறந்துபோயிருக்கும்.

“அந்தச் செப்புப் பொத்தான் ஜெயிச்ச மூணும் காஞ்ச தரையிலதாண்ணே. ஈரத்துல ஒரே ஒருவாட்டி ஓடி ஒம்பதாவதா வந்துச்சு. இந்த வாட்டி பாரம் வேற ஏழு பவுண்டு கூட்டியிருக்கான். மழைன்னா அத விட்டுருங்க!”

அடுப்படியில் கரண்டி ஒன்று விழுந்தது. பெரிய கிராணி தூக்கிய கால்களை மெல்லக் கீழே வைத்தார். அப்பாவை ஒருமுறை பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன்.

பிறகு பெரிய கிராணி நாற்காலியைத் தடுப்புப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பலகையைப் பார்த்து, “அப்ப பிள்ளை, எதைப் பாக்கச் சொல்லுறியள்?” என்று கேட்டார்.

“சொல்லேன்” என்று அம்மா கிசுகிசுப்பது கேட்டது. அதன்பின் அரைமணி நேரம் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேள்வியும் அந்தப் பக்கமிருந்து பதிலும் போய் வந்தன. நடுவில் அப்பா, வாத்தியார் மறந்துபோன மாணவனைப்போல் உட்கார்ந்திருந்தார். பெரிய கிராணி எழுந்து புறப்படும்போது, மூளை இந்தக் குடும்பத்திலதான் இருக்கு, ஆள்தான் மாறிப்போச்சு என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காப்பர் பட்டன் சேற்றில் தடுமாறிப் பின்னால் போனது. தடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்ன குதிரை முதலாவதாக வந்தது. அடுத்த மாதம் கோலாலம்பூரில் பெரிய பந்தயம் வந்தபோது, அத்தையை நேரில் கூட்டிக்கொண்டு போயே ஆகவேண்டும் என்று பெரிய கிராணி ஒற்றைக்காலில் நின்றார். பெண்பிள்ளை பந்தய மைதானத்துக்கா என்று அப்பா இழுத்தார். பெரிய கிராணியின் மனைவியும் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பாவின் வாய் அடைபட்டுவிட்டது. அம்மா தன் நீலப் பட்டுப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். அத்தையோடு ஒரு துணை இருக்கட்டும் என்று என்னையும் ஏற்றி விட்டார்கள்.

விடிந்ததும் அப்பாவோடு பெரிய கிராணியின் காரில் கிளம்பினோம். தம்பின் என்ற ஊரைத் தாண்டியபின் சாலையின் குறுக்கே கம்பித் தடுப்பு. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுக் காரின் பின்னாலிருந்த தூக்குச் சட்டியைத் திறந்தார். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும், பெரிய கிராணியின் மனைவி கொண்டுவந்த இடியப்பமும் மணந்தன. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று சட்டம். அந்த வட்டாரத்தில் சோற்றுப் பருக்கைகூடக் கொண்டு போக முடியாது. அவர் பார்த்தால் கோபக்காரராகத் தெரியவில்லை. “மாக்கான் சினி லா, மாக்சிக்” என்று சாலையோரத்தைக் காட்டினார். இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அம்மா என்று அர்த்தம். ஆகவே மதியத்துக்கென்று கட்டியதை நாங்கள் ஐந்து பேரும் காலை ஏழரை மணிக்கு, ரப்பர் மரங்களின் ஓரத்தில் நின்றுகொண்டே தின்று தீர்த்தோம். சட்டத்தை மதிப்பதில் பெரிய கிராணி மிகவும் கண்டிப்பானவர். பதினாறு இடியப்பத்தை மதித்தார்.

மைதானத்தில் எனக்கு நினைவிருப்பது தொப்பிகளும் சுருட்டுப் புகையும் பச்சைப் புல்லும்தான். ஓடப்போகும் குதிரைகளை முன்னதாக ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். அத்தை அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிரைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. அருகில் வரும்போது அவற்றின் மூச்சுக் கேட்டது. அத்தை நோட்டைத் திறக்கவே இல்லை.

“கால் இம்புட்டு ஒல்லியாவா இருக்கும்?” என்றாள் வெகு நேரம் கழித்து. “இந்தக் கால வச்சுக்கிட்டா எட்டு ஸ்டோன் ஒம்பது ஸ்டோன்னு தூக்குது?”

ஏழாம் எண் போட்ட குதிரை மற்றவற்றைவிடச் சிறியது, வெளிறிய பழுப்பு நிறம். அதைப் பிடித்து நடத்தி வந்தவர் ஒரு தமிழர். அது நடந்துகொண்டே அவருடைய சட்டைக் கையைச் சப்பிக்கொண்டிருந்தது. “இவந்தான் ஸ்லீப்பி ஜாக்காண்ணே?” என்று அத்தை வேலிக்கு மேலாகக் கேட்டாள்.

“இவனேதாம்மா. மூணு சட்டையத் தின்னுட்டான் இந்த மாசத்துல.”

அத்தை கை நீட்டினாள். தூங்குமூஞ்சி சட்டையை விட்டுவிட்டு அவள் கையை முகர்ந்து பார்த்தது. புளிச்சோற்று வாசனையோ என்னவோ, ஒருமுறை நக்கிவிட்டுப் போனது. அத்தை அந்தக் கையை மூடிக்கொண்டாள்.

அந்தப் பந்தயத்துக்கு அவள் முதல் நாளே எழுதியிருந்தாள்: முதலாவது ‘ஹை டைட்’. தூங்குமூஞ்சிக்குத் தூரம் போதாது, ஐந்தாவது. அப்பாவும் பெரிய கிராணியும் ஹை டைட் மேல் கட்டப் புறப்பட்டபோது அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்தாள். ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம்.

“அண்ணே, இத தூங்குமூஞ்சி மேல கட்டுங்க.”

“ஒனக்கென்ன கிறுக்கா? நீதானே அஞ்சாவதுன்னு எழுதியிருக்க?”

“ஆமா. அஞ்சாவதுதான் வருவான்.”

“பின்ன?”

“கட்டுங்கண்ணே.”

பெரிய கிராணி அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அப்பாவின் முழங்கையைத் தொட்டு, “கட்டும் தம்பி, கட்டும்” என்றார்.

குதிரைகள் கிளம்பின. தூங்குமூஞ்சி வழக்கம்போல் கடைசி. ஒரு மரக்கூட்டத்துக்குப் பின்னால் எல்லாம் மறைந்து, மறுபடி வெளியே வந்தபோதும் கடைசி. அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசி வளைவில் அதற்கு என்ன ஞாபகம் வந்ததோ, ஓரமாக ஒதுங்கி ஓடத் தொடங்கியது. ஒன்றைத் தாண்டியது. இன்னும் இரண்டைத் தாண்டியது. எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூடத் தயங்குகிற அத்தை, அம்மாவின் நீலப் பட்டோடு பெஞ்சின் மேல் ஏறி நின்று, “வாடா! வாடா தூங்குமூஞ்சி! வாடா ராசா!” என்று கத்தினாள். முன்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு விலகினார். அவளுடைய ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது.

ஹை டைட் முதலாவது. தூங்குமூஞ்சி நாலாவது.

“நாலு!” என்றாள் அத்தை மூச்சிரைக்க. “அஞ்சு இல்ல, நாலு! பொய்யாக்கிட்டான் பாத்தியா என் கணக்க!” என்னைத் தூக்கிச் சுற்றினாள். எட்டு வயதில் நான் நல்ல கனம்.

இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியிருந்ததால் அத்தோடு கிளம்பிவிட்டோம். காரின் முன்பக்கத்தில், ஜெயித்த இரண்டு பேரும் பந்தயச் சீட்டைக் கொடுத்து வாங்கிய பணத்தோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கட்டியிருக்கலாமே என்று அப்பா இரண்டுமுறை வருத்தப்பட்டார். பின்னால் அத்தை ஒற்றைச் செருப்போடு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் முடி பறக்க ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பெரிய கிராணியின் மனைவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கோ கவலை தாங்கவில்லை. இத்தனை கணக்குத் தெரிந்தவளுக்கு இதை யாருமே சொல்லிக் கொடுக்கவில்லையே என்று பாவமாக இருந்தது. அவள் காதுக்குள், மெதுவாக, மற்றவர்கள் கேட்டு அவளைக் கேலி செய்துவிடாதபடி சொன்னேன்.

“அத்தே, நாலாவது வந்தா காசு தரமாட்டாங்க.”

“அப்படியா?” என்று சொல்லி அத்தை இன்னும் பலமாகச் சிரித்தாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து நான் மறுபடியும் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.