கசப்பில் பிழைத்தவை

மூடியைத் திறந்ததும் வேலாமணி ஜாடிக்குள் பார்ப்பதில்லை. கண்ணை மூடி மோந்து பார்க்கிறார். பழவாடை வந்தால் ஒரு தலையசைப்பு. அழுகல் வாடை என்றால், "சீக்கு வந்திருச்சு கழுதைக்கு" என்று சாக்கடையில் கவிழ்த்துவிடுவார். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவார்: "மாவாட்டுன கையோட வந்தீங்கன்னா வெளியவே நில்லுங்க, மாவுப் புளிப்பு இதுல ஒட்டிக்கும்."

நீலகிரியின் கட்டபெட்டில் பூட்டிக் கிடக்கும் தேயிலை ஆலையின் பெர்மெண்டிங் ரூம், அதாவது புளிக்கவைக்கும் அறை, அது. பெயர்தான் அப்படி, அங்கே இலை காற்றுப்பட்டுச் சிவக்குமேயன்றி நுண்ணுயிரால் புளிப்பதில்லை. நுண்ணுயிர் புகுந்தால் தூள் கெட்டது. பத்தொன்பது ஆண்டுகள் பிளீச்சிங் பவுடர் போட்டு அவற்றைத் தேய்த்துக் கழுவிய பெண் தொழிலாளி வேலாமணி. பச்சை இலை விலை சரிந்து ஆலை மூடியபின், அதே அறையில் அவற்றை வளர்க்கிறார். "கொன்ன பாவத்துக்கு இப்பச் சோறு போடறனுங்க."

கோவையிலிருந்து வந்த ஆய்வுக் குழு ஒன்று, தேயிலைக் கழிவிலிருந்து எரிபொருளுக்கான சாராயம் எடுக்க முயன்றது. கழிவின் துவர்ப்பு, அதைச் சாராயமாக்க வேண்டிய ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொன்றது. துவர்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பிழைத்தவற்றை மட்டும் அடுத்த ஜாடிக்கு மாற்றும் வேலை வேலாமணிக்கு வாய்த்தது. நானூற்றுப் பன்னிரண்டாவது ஜாடியில் ஈஸ்ட் முழுத் துவர்ப்பையும் தாங்கி நின்றபோது, ஆய்வுக்காலம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டுக் குழு ஊர் திரும்பியது. அந்தக் கடைசி ஜாடியை மட்டும் அவர் கொட்டவில்லை. மரப்பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பின் சூட்டில் அதை வளர்த்து வருகிறார். "இது பொழைச்சா, வெலையில்லாத எலையும் அடுப்பெரிக்குமுங்க."

சென்ற சனிக்கிழமை ஆலை உரிமையாளர் ரவிச்சந்திரன் வந்தார். அறையை உருளைக்கிழங்குக் கிடங்காக்க எண்ணம்.

"ஏனுங்க வேலாமணிக்கா, இன்னுமா இந்தச் சாராயக்கட? போலீசு மோப்பம் புடிச்சா நாந்தான் உள்ள போகோணும்."

"வந்தாக் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க மொதலாளி. வண்டிக்கு ஊத்தறத வவுத்துக்கு ஊத்துவானா?"

"கொட்டீருங்க."

"திங்கக்கெழம குன்னூர்ல இருந்து ஆராய்ச்சிக்காரங்க பாக்க வர்றாங்க. அவங்க வேண்டாம்னா நானே கொட்டறேன். அதுவரைக்கும் முடியாதுங்க."

"முடியாதா? ஆல யாருதுங்க?"

"ஆல உங்களுதுங்க. உள்ள இருக்கறது உங்களுதில்ல."

ரவிச்சந்திரன் சுவரருகே போனார். சுவரிலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பல்பு அணைந்தது. ஆடி மாதத்து மூடுபனி உடைந்த சன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. குளிர்ந்தால் ஈஸ்ட் அடங்கிவிடும்; திங்களன்று காட்டுவதற்கு ஒன்றும் இராது.

வேலாமணி பெட்டியிலிருந்து ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். தம் ஸ்வெட்டரைக் கழற்றினார். முதலாளியைப் பார்த்தபடியே அதை ஜாடிக்கு மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டார்.