மாளிகையின் கீழ்ச் சுவர்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. என் மனைவி தாமரையும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கேட்டோம். இரண்டு பேருக்கு ஒரே பிரமை வருமா?

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஷார்ஜா முவைலாவில் எங்கள் பிளாட்டிலிருந்து காரில் கிளம்பினோம். பின் சீட்டில் பன்னீர்செல்வம் சார். எங்கள் கம்பெனியின் சீனியர் இன்ஜினியர். வளைகுடா வாழ்க்கையை முடித்துக்கொண்டு அடுத்த மாதம் திருச்சிக்குத் திரும்ப இருந்தவர். குடும்பம் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது. தனியாகக் கிடக்கிறாரே என்று தாமரைதான் அவரையும் கூப்பிட்டாள்.

மலைகளுக்கு நடுவே ஓர் அணை ஏரி. அதைப் பார்த்தபடி, சரிவின் உச்சியில் அந்தக் காலத்து முத்து வியாபாரி ஒருவர் கட்டிய மாளிகை. அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் அடுக்கடுக்காகத் தோட்டம். பேரீச்சை, மாதுளை, எலுமிச்சை. ஒவ்வொரு அடுக்கையும் ஒரு கல் சுவர் தாங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பொதுமக்களைப் பார்க்க விட ஆரம்பித்திருந்தார்கள்.

மாளிகை வாசலில் காரை நிறுத்தியதும் சாரின் முகம் மாறிவிட்டது.

"இங்கதான் வரோம்னு சொல்லவே இல்லையே சேது."

"சஸ்பென்ஸா இருக்கட்டும்னு தான் சார். முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இந்தச் சுவரையெல்லாம் புதுப்பிச்சப்போ நான்தான் சைட் இன்ஜினியர்." கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நீங்க பார்த்துட்டு வாங்கப்பா. நான் இறங்கல."

ஏசியை ஓடவிட்டுவிட்டு நாங்கள் இறங்கினோம்.

வாசலில் ஆரிப் என்ற காவலாளி. காசர்கோட்டுக்காரர். எங்களிடம் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "பாங்கு சொல்றதுக்குள்ள மேல வந்துடணும். கடைசி அடுக்குக்குப் போகண்டா."

"ஏன் பாய்?"

"மாஃபி. அங்க ஒண்ணும் இல்ல." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

படம் எடுத்துக்கொண்டே இறங்கினோம். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. திரும்பலாம் என்று நினைத்தபோதுதான் தெரிந்தது... நாங்கள் கடைசி அடுக்கில் நின்றுகொண்டிருந்தோம்.

அங்கே ஒரு ஆளும் இல்லை. மேலே கத்திக்கொண்டிருந்த பறவைகளின் சத்தமும் அங்கே வரவில்லை. சுவரோரம் முழுக்கப் பச்சை. ஓர் இடத்தில் மட்டும், ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு, புல்லே முளைக்கவில்லை.

தாமரை அந்த இடத்துக்கு மேலே சுவரில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"என்னங்க... இது மட்டும் சூடா இருக்கு."

நானும் தொட்டேன். பக்கத்துக் கல்லெல்லாம் சில்லென்று இருந்தது. அது மட்டும் உடம்புச் சூடு.

டொக்.

உள்ளிருந்து.

டொக்... டொக்...

"வாங்க போயிடலாம்," என்றாள். திரும்பினோம்.

படியில் பன்னீர்செல்வம் சார் இறங்கி வந்துகொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை.

"சார்? நீங்க ஏன் வந்தீங்க?"

"நீதானய்யா கூப்பிட்ட? கார் பக்கத்துல நின்னு, 'சீக்கிரம் வாங்க சார், சுவர் சரியுது'ன்னு கத்தினியே?"

"நான் கூப்பிடல சார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

டொக்... டொக்... டொக்...

அப்போது அந்தக் குரல் வந்தது. கல்லுக்குள்ளிருந்து. தெளிவான தமிழில்.

"சார்... நான் இன்னும் உசுரோடதான் சார் இருக்கேன்..."

தாமரை என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

சார் பின்வாங்கப் பார்த்தார். கால் வரவில்லை. அவர் நின்றது அந்தப் புல் முளைக்காத மண்ணில்.

"பாலகுரு... நீ செத்துட்டேன்னுதாண்டா நெனச்சேன்..."

"கேட்டுச்சே சார் உங்களுக்கு."

"இல்லடா..."

"கேட்டுச்சு."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஆள் அசையவில்லை. வேர்விட்ட மரம் போல நின்றார். மண்டியிட்டு விழுந்தார். இருமினார். இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே எதையோ தள்ளினார்...

அங்கே எதுவும் இல்லை.

வெறும் காற்று.

வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

"இப்ப நீங்க தட்டுங்க சார்."

அவ்வளவுதான். மேலே எங்கோ பாங்கு ஒலித்தது.

ஆரிப் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார்கள். நெஞ்சு வலியாக இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. என்னவென்று சொல்வது?

மறுநாள் குவைத் அப்பாசியாவிலிருந்து ஒரு போன். செய்கு முகம்மது. சாரோடு பழைய சைட்டில் வேலை பார்த்தவராம். துக்கம் விசாரித்தார். எந்த இடத்தில் நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.



"பாலகுருன்னு ராமநாதபுரத்துப் பையன் தம்பி. சுவர் சரிஞ்சு அவன் மேல விழுந்துருச்சு. உள்ள இருந்து தட்டினான். நாங்க எல்லாரும் கேட்டோம். தோண்டுனா மேல் சுவரும் வந்துரும், வெளிய தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுரும்னு சொல்லி, உங்க சார்தான் மண்ணைக் கொட்டச் சொன்னாரு. ஆள் கேம்ப்ல இருந்து ஓடிட்டான்னு அவன் வீட்டுக்குச் சொல்லிட்டாங்க."



சாரின் உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதனை செய்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தோட்டத்தில் மயங்கி விழுந்தார் என்றுதானே சொன்னீர்கள்?"

"ஆமாம் டாக்டர்."

"இவருடைய மூச்சுக்குழாய், நுரையீரல், எல்லாம் மண். அடைத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்செலும்பு மொத்தமும் நொறுங்கியிருக்கிறது." என் முகத்தையே பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்கள். இவரை எங்கிருந்து தோண்டி எடுத்தீர்கள்?"